மலைநாட்டுச் சுற்றுலாவும் வழிகாட்டியின் சரித்திரமும்

கவிதையையும் நாவலையும் நாடகத்தையும் விமர்சனத் தராசில் நிறுத்துப் பார்க்கும் நாம், அவை எல்லாவற்றையும்விட அதிகமான செவிகளைச் சென்றடையும் ஓர் ஆக்கத்தைக் கண்டுகொள்வதில்லை. சுற்றுலா பஸ் வண்டியின் முன்பக்கத்தில் ஒலிவாங்கியும் கையுமாக நின்று, கண்டி இராச்சியத்தின் கதையை வழிகாட்டி சொல்கிறாரே, அந்த ஆக்கத்தையே குறிப்பிடுகிறோம். அதற்கு ஆசிரியர் பெயரில்லை, அச்சுப் பிரதியில்லை. ஆயினும் தொடக்கம் உண்டு, உச்சம் உண்டு, வீரரும் துரோகியும் உண்டு, கேட்போர் பெருமூச்சு விட வேண்டிய இடம் உண்டு, கமராவை வெளியே எடுக்க வேண்டிய இடமும் உண்டு. ஒரு நூல் ஆயிரம் பிரதி விற்றால் மகிழ்ந்துபோகும் நம் எழுத்துலகம், விடுமுறைக் காலந்தோறும் எண்ணற்ற இளம் உள்ளங்களில் பதியும் இந்தக் கதை எத்தகையது என்று கேளாதிருப்பது சரியன்று.

சம்மாந்துறை, நிந்தவூர், கல்முனை, மருதமுனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்ப் பாடசாலைகளில் கல்விச் சுற்றுலா என்றாலே முதலில் எழும் பெயர் கண்டிதான். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு புறப்படும் வண்டி, அம்பாறை, உகனை, மகாஓயா, பதியத்தலாவை கடந்து மகியங்கனையை அடைந்து, பின்னர் பதினெட்டு வளைவுப் பாதையில் மலையேறுகிறது. வழிகாட்டியின் சொற்பொழிவு சூடுபிடிக்கும் இடமும், மாணாக்கர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொள்ளும் இடமும் ஒன்றாக அமைந்துவிடுவது பயணத்தின் தலைவிதி. ஹுன்னஸ்கிரியா, தெல்தெனிய, திகன, குண்டசாலை என்று ஊர்கள் ஓட, மதியத்துக்குள் கண்டி வாவி கண்ணில் படும். தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, ஒரு தேயிலைத் தொழிற்சாலை, மாலையில் ஒரு நடன அரங்கு. மறுநாள் நுவரெலியா. இவ்வளவுதான் பாடத்திட்டம்.

வழிகாட்டியைப் பழிப்பது நமது நோக்கமன்று. அவர் நாட்கூலிக்கும் பயணிகள் விரும்பிக் கொடுக்கும் சில்லறைக்கும் தொண்டை வறளப் பேசுபவர். தம் கையில் கொடுக்கப்பட்ட கதையைச் சொல்பவர். அந்தக் கதை துண்டுப்பிரசுரத்தில் இருக்கிறது; பாடநூலில் இருக்கிறது; சுற்றுலாவை நடத்திச் செல்லும் ஆசிரியர்களாகிய நம்மிற் பலரது வாயிலும் இருக்கிறது. 1980 இல் மத்திய கலாசார நிதியம் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டு, யுனெஸ்கோவின் துணையோடு அனுராதபுரம், பொலன்னறுவை, கண்டி ஆகியவற்றை முனைகளாகக் கொண்ட ‘கலாசார முக்கோணம்’ வரையப்பட்டது. 1988 இல் கண்டி உலக மரபுரிமை நகரமாயிற்று. இடிபாடுகள் பேணப்பட்டன, அதற்கு நாடு நன்றி சொல்ல வேண்டும். ஆனால், கோடுகளால் அடைக்கப்பட்ட முக்கோணத்துக்கு வெளியே உள்ள ஊர்களுக்குக் கலாசாரம் இல்லையா என்று எட்டாந்தர மாணவி ஒருத்தி கேட்டால், அவளை அதிகப்பிரசங்கி என்று அடக்க நமக்கு நியாயமில்லை.

வழிகாட்டியின் கதைச் சுருக்கம் இது. மலைகளே அரணாக நின்ற கடைசிச் சிங்கள இராச்சியம். போர்த்துக்கீசரையும் ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் எதிர்த்து நின்ற வீரம். புனித தந்தத்தைக் காத்த பக்தி. அந்நிய வம்சத்துக் கொடுங்கோல் அரசன் ஒருவனால் வந்த வீழ்ச்சி. 1815 மார்ச் 2 இல் ஒப்பந்தம். பிறகு வெள்ளைக்காரன், தேயிலை, குளிர்.

இக்கதையில் உண்மை இல்லாமலில்லை. கரையோரத்தின் பெரும்பகுதி ஐரோப்பியரிடம் வீழ்ந்த பின்னரும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரு மலைநாடு தலைவணங்காது நின்றது ஆசியச் சரித்திரத்தில் சிறிய செய்தியன்று. ஏகாதிபத்தியத்தை எதிர்த்த எந்த மக்களின் பெருமிதமும் நம்முடைய பெருமிதமே. நாம் கேட்பது, அந்த நாட்டைக் கட்டியவர் யார், அதற்கு உப்புச் சுமந்தவர் யார், அதன் தெய்வங்கள் எங்கிருந்து வந்தன, அந்த மலைகளில் இன்று யாருடைய விரல்கள் தேய்கின்றன என்பதைத்தான். இவற்றுக்குக் கதையில் இடமில்லை.

கல்லைக் கேட்போம். கண்டியிலிருந்து கொழும்பு வீதியிற் சென்று பிலிமத்தலாவையில் உள்ளே திரும்பினால், சில மைல் வட்டாரத்துள் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க என்னும் மூன்று பழந்தலங்கள் உள்ளன. பள்ளிச் சுற்றுலாக்கள் நேரமில்லை என்று விட்டுச் செல்லும் இடங்கள் இவை. கம்பளையைத் தலைநகராகக் கொண்டிருந்த நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344 இல், கடலாதெனிய விகாரை கருங்கல்லால் எழுப்பப்பட்டது. அதன் தூண்களையும் அதிட்டானத்தையும் காணும் எவருக்கும் தென்னிந்தியக் கோயிலொன்றின் முன் நிற்கும் எண்ணமே தோன்றும். அதைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேசுவராசாரி. அவ்வாண்டைச் சேர்ந்ததே லங்காதிலகமும். சேனாலங்காதிகாரர் என்னும் அமைச்சர் எடுப்பித்தது. கட்டியவர் ஸ்தபதி இராயர். நடுவே புத்தர் வீற்றிருக்க, சுற்றுச் சுவரின் மாடங்களில் உபுல்வன், சமன், விபீடணன், கந்தன் ஆகியோருடன் கணபதியும் காவல் நிற்கிறார். அந்தப் பாறையில் விகாரைக்கு அளிக்கப்பட்ட நிலமானியம் சிங்களத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அருகே, அதே செய்தி தமிழிலும் வெட்டப்பட்டிருக்கிறது.

பௌத்த விகாரைக்கு எழுதிய சாசனத்தைத் தமிழிலும் எழுத வேண்டிய தேவை அன்றைய அரசனுக்கு ஏன் ஏற்பட்டது? தமிழை வாசித்தோர் அந்தச் சூழலில் இருந்தனர், அவர்களும் அந்த அறத்துக்குப் பங்காளிகளாகக் கருதப்பட்டனர் என்பதன்றி வேறு விடை நமக்குத் தோன்றவில்லை. அரசகரும மொழி பற்றி இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் நடந்த வாதங்களை நினைத்துக்கொண்டு அந்தப் பாறை முன் நிற்பவருக்குச் சிரிப்பு வரலாம், நமக்கு வரவில்லை.

அதே 1344 இல் இன்னொரு நிகழ்ச்சி. மொரோக்கோ தேசத்தவரான இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வந்து இலங்கையின் மேற்குக் கரையில் இறங்கினார். பாவா ஆதம் மலையின் பாதச் சுவட்டைத் தரிசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தி, பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்பினான். ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், அரசனின் பரிவாரத்தார் பதின்மர், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவர் என்று அக்குழுவைப் பதூதா கணக்கெடுத்து எழுதுகிறார். நாம் அறிந்தவற்றுள், இந்த மலைநாட்டில் வழிகாட்டியோடு நடத்தப்பட்ட மிகப் பழைய பயணங்களில் இது ஒன்று. யாழ்ப்பாணத்துத் தமிழரசன் அனுப்ப, சைவ யோகியர் வழிகாட்ட, வட ஆபிரிக்கக் கரையோரத்து முஸ்லிம் ஒருவர், பௌத்தர் புத்தர் பாதமெனப் போற்றும் சுவட்டை ஆதம் நபியின் சுவடெனக் காணப் போகிறார். வழியில் குனகார் என்று அவர் பெயரிட்ட தலைநகருக்கு வெளியே ஷீராஸ் நகரத்து ஷெய்க் உஸ்மானின் பள்ளிவாசலையும் காண்கிறார். அன்றைய உலகம் பொன்னுலகமாக இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. பசுவைக் கொன்ற குற்றத்துக்காக அந்த ஷெய்க் அங்கவீனராக்கப்பட்டதையும் அதே பதூதா எழுதுகிறார். ஆனால் ஒரே மலைக்கு மூன்று பெயர் சொல்லக்கூடிய வழிகாட்டிகள் அன்று இருந்தார்கள். இன்றைய ஒலிவாங்கிக்கு ஒரு பெயர்தான் தெரிகிறது.

அடுத்துத் தெய்வங்களைப் பார்ப்போம். கண்டி எசல பெரஹராவைப் பற்றி வழிகாட்டி சொல்லும்போது தந்தப் பேழையைத் தாங்கும் யானையைப் பற்றியே சொல்கிறார். அவ்வூர்வலத்தில் தலதா மாளிகையின் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்னும் நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் வருகின்றன. உண்மையில் பெரஹரா பழைமையில் இத்தேவாலயங்களின் விழாவே; கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் ஆட்சிக் காலத்திலேயே (1747–1782) புனித தந்தம் அதில் முதலிடம் பெற்றது. நான்காவதாக வரும் பத்தினி யார்? நம் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேரன் செங்குட்டுவன் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் அங்கிருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறும் அந்தக் கண்ணகியே அவள்.

சம்மாந்துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் காரைதீவு இருக்கிறது. அங்கே வைகாசியில் கண்ணகை அம்மனுக்குத் திருக்குளிர்த்தி நடக்கிறது. ‘கண்ணகி வழக்குரை’ படிக்கப்படுகிறது. மட்டக்களப்புத் தேசமெங்கும் அம்மனுக்காக வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து ஆடிய கொம்பு விளையாட்டை, சிங்களக் கிராமங்கள் ‘அங்கெலிய’ என்ற பெயரில் அதே பத்தினிக்காக ஆடின. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1984 இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூல் இவ்வுறவை விரிவாக ஆராய்கிறது. அறிஞர் அறிந்த செய்தி பஸ் வண்டிக்கு ஏன் வந்து சேரவில்லை? காரைதீவுப் பிள்ளை கண்டியில் பத்தினி தேவாலயத்தின் வாசலைக் கடந்து செல்கிறது. உள்ளே இருப்பவள் தன் ஊர் அம்மன் என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. பக்கத்து ஆசனத்திலிருக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் அதைச் சொல்லத்தான் வேண்டும். அது வழிபாட்டுப் பாடமன்று. அயலாரை அறியும் பாடம்.

கொடுங்கோலனாகிய அந்நிய அரசன் என்ற பாத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் மதுரை நாயக்கர் வழிவந்தோர். அவர்களுள் இரண்டாமவனாகிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் காலத்தில்தான், அறுந்துபோயிருந்த உபசம்பதா என்னும் துறவுநிலைப் பேறு, வெலிவிட்ட சரணங்கரரின் முயற்சியால் 1753 இல் மீண்டும் ஏற்பட்டது. அதற்காகச் சீயத்திலிருந்து உபாலி தேரர் அழைக்கப்பட்டார். அவரை ஏற்றி வந்தது ஒல்லாந்தரின் கப்பல். தமிழ் பேசிய குடியிற் பிறந்த அரசனும், சீயத்துப் பிக்குவும், கிறிஸ்தவ வணிகரின் கப்பலும் சேர்ந்து மீட்டுக் கொடுத்ததே இன்று தூய சுதேசியம் எனக் கொண்டாடப்படும் அமைப்பு. மீட்கப்பட்ட அச்சங்கமோ கொவிகம சாதியாருக்கே தன் கதவைத் திறந்தது. ஏனைய சாதியார் பர்மாவுக்குக் கப்பலேறி, 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமரபுர நிக்காயத்தைத் தோற்றுவிக்க வேண்டியதாயிற்று. சாதி மறுத்த புத்தரின் நாட்டில் நடந்த இந்தப் போராட்டமும் வழிகாட்டியின் கதைக்கு ஆகாத பகுதி. கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832 இல் இறந்தான். அவன் நல்லவனென்று வாதாட நமக்கு விருப்பமில்லை. கண்டி வாவியை வெட்ட அவன் குடிகளை ராஜகாரிய ஊழியத்தில் வாட்டினான், மக்கள் வெறுத்தனர். ஆனால் அவனுடைய கொடுமைக்குக் காரணம் அவனது அதிகாரமா, அவனது பிறப்பா? வழிகாட்டியின் கதை பிறப்பையே சுட்டுகிறது. அதே ஊழிய முறையை அவனுக்கு முன் ஆண்ட மன்னரும் நடத்தினர் என்பது வசதியாக மறக்கப்படுகிறது.

இந்த ஊழிய முறையைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். மாலை நடன அரங்கில் மேளம் முழங்க, ஆடவர் சுழன்றாட, வெளிநாட்டார் பிரமித்துப் பார்க்கின்றனர். அந்த மேளகாரர் பெரவா என்னும் சாதியினர். நிலமானிய சமுதாயம் அவர்களைத் தாழ்த்தியே வைத்திருந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுகளை ஒட்டி 1832 இல் அரசுக்கான ராஜகாரியம் ஒழிந்தது. விகாரைக்கும் தேவாலயத்துக்கும் உரிய நிலங்களில் ஊழியம் தொடர்ந்தது. 1870 இல் வந்த கட்டளைச் சட்டம் ஊழியத்துக்குப் பதிலாகப் பணம் செலுத்த இடமளித்ததே தவிர, முறையை வேரறுக்கவில்லை. பெரஹராவில் பந்தம் பிடிப்போரும் மேளம் அடிப்போரும் பரம்பரை நிலக் கடமையின் பேரால் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுள் ஒருவரையேனும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தும் சுற்றுலாவை நாம் கண்டதில்லை.

மலைநாட்டுக் கலைகளைப் பற்றி எழுதியோருள் ஆனந்த குமாரசுவாமிக்கு நிகரானவர் இல்லை. 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராகக் கல்லைத் தேடி அலைந்த அவர், கல்லோடு கம்மாளரையும் கண்டார். 1908 இல் வெளியான ‘மத்திய காலச் சிங்களக் கலை’ என்ற நூல், வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியில் 425 பிரதிகள் மட்டும் அச்சிடப்பட்டது. யந்திர உற்பத்தியும் அந்நியராட்சியும் கிராமக் கைவினைஞனை எவ்வாறு அழித்தன என்பதை அவ்வளவு ஆத்திரத்தோடு எழுதியவர் அக்காலத்தில் அரியர். யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஒருவர் சிங்களக் கைவினையின் தலைசிறந்த நூலை எழுதினார் என்பதே வழிகாட்டியின் கதைக்கு ஒரு நல்ல மறுப்பு. ஆனால் குமாரசுவாமியிடமும் நமக்கு முறைப்பாடு உண்டு. நிலம் பெற்று ஊழியம் செய்த கம்மாளனின் வாழ்வை அவர் இசைவின் உருவமாகக் காண்கிறார். அந்த இசைவின் அடியில், மேளகாரன் மகன் மேளகாரனாகவே இருக்க வேண்டும் என்ற இரும்பு விதி இருந்தது. அவ்விதியின் சுமையைத் தோளில் தாங்கியவன் அதை இசைவென்று சொல்லியிருப்பானா? இன்றைய சுற்றுலாத் தொழில் குமாரசுவாமியின் ஆத்திரத்தைக் கைவிட்டு, அவருடைய இலட்சியக் கனவை மட்டும் எடுத்துக்கொண்டது. எம்பெக்க தேவாலயத்து மரத்தூணின் செதுக்கல் சாவிக்கொத்துப் படமாகிவிட்டது.

இனி உப்புக்கு வருவோம். இதுவே நம் கரையோரத்தாருக்கு நெருங்கிய விஷயம். கண்டி இராச்சியம் மலைகளுக்குள் அடைபட்டுக் கிடந்த தனித் தீவு என்று கேட்போர் எண்ணுகின்றனர். மட்டக்களப்புக் கரை நெடுங்காலம் அதன் மேலாட்சிக்கு உட்பட்ட நாடே. 1626 இல் போர்த்துக்கீசர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடமளித்து, நாலாயிரம் பேரைக் கிழக்கில் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கீசச் சரித்திரம் கூறுகிறது. அதற்கு முன்னரே இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். சம்பான்கள் ஒதுங்கிய துறை சம்மாந்துறையாயிற்று என்பது ஊர்வழக்கு. எனினும், செனரத்தின் அந்தக் கருணை நம் ஊர்களின் சரித்திரத்தில் ஒரு பக்கம். கண்டியைக் காணப் போகும் சம்மாந்துறைப் பிள்ளை அந்நிய இராச்சியத்தைப் பார்க்கப் போகவில்லை. தன் முன்னோருக்கு இடங்கொடுத்த அரசின் தலைநகரைப் பார்க்கப் போகிறது.

கடலிலிருந்து மலைக்கு உப்பும் கருவாடும் துணியும் ஏற, மலையிலிருந்து பாக்கும் மிளகும் இறங்கின. ஏற்றி இறக்கியவை தவளம் என்னும் பொதிமாட்டுக் கூட்டங்கள். அவற்றை நடத்தியோருள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அரசில் இதற்கெனவே மடிகே என்னும் பகுதி இருந்தது. 1766 இன் உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கரை முழுவதையும் கைப்பற்றிய பின்னர், உப்பு எத்தகைய ஆயுதமாயிற்று என்பதை எண்ணிப் பார்க்கலாம். மலையிற் சோறு ருசிக்க மாட்டுக்காரன் வர வேண்டும். அரண்மனைக்கு மருந்து கொடுத்த கோபால வைத்தியக் குடும்பமும் முஸ்லிம் குடும்பமே. பேராசிரியர் லோனா தேவராஜா 1994 இல் எழுதிய இலங்கை முஸ்லிம்களைப் பற்றிய நூல் இவற்றையெல்லாம் திரட்டித் தருகிறது. அந்நூல் சில இடங்களில் நல்லுறவை மிகைப்படுத்துகிறது என்பது நம் அபிப்பிராயம். ஆங்கிலேயர் இவ்வுறவை வெட்டத் தெரிந்தவர்கள்: வெல்லஸ்ஸவில் முஸ்லிம் ஒருவரை முஹாந்திரமாக நியமித்துக் கண்டிப் பிரதானிகளின் அதிகாரத்திலிருந்து முஸ்லிம்களைப் பிரித்தனர், 1817–18 கிளர்ச்சி மூண்டதற்கு அதுவும் ஒரு பொறியாயிற்று. கம்பளையில் பெரஹரா பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்ற வழக்கு 1912 இல் எழுந்து, 1915 இல் நாட்டையே உலுக்கிய கலவரத்துக்கு முன்னுரையாயிற்று.

நூறாண்டு கழித்தும் முடிவுரை எழுதப்படவில்லை. 2018 பெப்ரவரி இறுதியில், உணவகமொன்றின் சோற்றில் கருத்தடை மாத்திரை கலக்கப்படுகிறது என்ற பொய்யை நம்பி அம்பாறை நகரில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. சில நாட்களுக்குள், தெல்தெனியாவில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் உயிரிழக்க, திகனையிலும் அயலூர்களிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6 இல் அவசரகாலச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. சுற்றுலா வண்டி அந்த இரு ஊர்களின் வழியாகத்தான் போகிறது. அவ்விடத்தில் வழிகாட்டி விக்டோரியா நீர்த்தேக்கத்தைக் காட்டுகிறார். தவளக்காரன் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அந்தச் சுவர்களைப் பார்க்கும் பார்வையும், ஒன்றும் கேளாத பிள்ளை பார்க்கும் பார்வையும் ஒன்றாக இருக்க முடியுமா?

ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நமக்கும் அழகன்று. 1998 ஜனவரி 25 இல் விடுதலைப் புலிகள் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடிக்க வைத்து, மக்களைக் கொன்றனர். வழிகாட்டி அதைச் சொல்லும்போது வண்டியில் ஒரு மௌனம் விழுகிறது. அதைச் சொல்ல வேண்டாமென்று ஆசிரியர் சிலர் கேட்டுக்கொள்வதுண்டு. சொல்லத்தான் வேண்டும். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் அதே கைகளால் சுட்டுக் கொல்லப்பட்டதை அறிந்த கரையோரம் இது. வணக்கத் தலத்தில் சிந்தும் இரத்தத்தின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கண்டியில் அழுத தாய்க்கும் காத்தான்குடியில் அழுத உம்மாவுக்கும் இடையே உள்ள ஒற்றுமையைச் சொல்ல ஒலிவாங்கியில் இரண்டு நிமிடம் போதும்.

தேயிலையைப் பற்றி விரிவாக எழுதப் பலர் இருக்கின்றனர். நாம் சுருக்கமாகவே சொல்கிறோம். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதை வழிகாட்டி சொல்கிறார். அதற்கு முன் கோப்பிக் காலத்திலேயே மன்னாரிலிருந்து காடு வழியே நடந்து வந்து, பாதையோரம் மாண்ட தமிழகத்து உழவரைச் சொல்வதில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றோராக்கியதையும், 1964 இல் இரு பிரதமர்கள் அவர்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டுக் கொண்டதையும் சொல்வதில்லை. நாளொன்றுக்கு 1000 ரூபா என்னும் கோரிக்கை நிறைவேற 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வண்டி நிற்கும் வளைவில், கூடையோடு நிற்கும் பெண்ணைப் படம் பிடிக்கச் சொல்கிறார்கள். படத்தில் லயன் அறை விழாதபடி கமரா திரும்புகிறது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் சிறுநூல் ஒன்று அந்த வண்டியில் இருந்தால், கொழுந்து பறிப்பவள் பேசத் தெரிந்தவள், பாடத் தெரிந்தவள் என்பதையாவது பிள்ளைகள் அறிவர்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோயன்று. இமயச் சாரலில் பூட்டான் என்றொரு பௌத்த மலைநாடு உண்டு. 1974 முதல் வழிகாட்டியோடு கூடிய கலாசாரப் பயணத்தை உயர்ந்த விலைக்கு விற்கும் நாடு. அமைதிக்கும் ஆனந்தத்துக்கும் உலகப் புகழ் பெற்றது. அங்கே 1985 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, தென்பகுதியில் வாழ்ந்த நேபாள மொழியாளர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் 1990 களின் தொடக்கத்தில் துரத்தப்பட்டு, நேபாளத்து அகதி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, 2007 முதல் பெரும்பாலும் அமெரிக்காவில் குடியேற்றப்பட்டனர். அந்நாட்டு மடாலயங்களின் சுவரோவியம் பற்றி வழிகாட்டிகள் மணிக்கணக்கில் பேசுகின்றனர். மலைநாடுகள் தூரத்திலிருந்து பார்ப்போருக்கு ஒரே நிறமாகத் தெரிவதற்கு மூடுபனி மட்டும் காரணமன்று.

நம் தமிழ்ப் பயண இலக்கியமும் இக்குற்றத்திலிருந்து முழுதும் தப்பவில்லை. தலங்களின் பெயரையும் சாப்பாட்டின் ருசியையும் அடுக்கிச் செல்லும் நூல்கள் மலிந்துள்ளன. தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரிக் கரை வழியே சென்று எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ போல, வழியில் எதிர்ப்பட்ட மனிதரோடு நின்று பேசிய நூல்கள் சிலவே. கண்டி மன்னனிடம் 1660 முதல் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கைதியாயிருந்த றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூல் இன்றும் உயிரோடிருப்பதற்குக் காரணம் இதுதான்: அவனுக்கு வழிகாட்டி இல்லை. தொப்பி பின்னி விற்று வயிறு கழுவியவன். ஆதலால் நெல்லின் விலையும் குடியானவன் முதுகின் சுமையும் அவனுக்குத் தெரிந்தன. அவனிடம் ஐரோப்பியத் தற்பெருமை இருந்தது; ஆனால் கண் திறந்திருந்தது.

அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேராதனைப் பூங்காவில் கழிக்கும் மூன்று மணி நேரத்தில் ஒன்றரை மணியைக் குறைத்துக்கொண்டால் லங்காதிலகவுக்குப் போய் வரலாம். பாறைச் சாசனத்தின் தமிழ்ப் பகுதியை அச்சில் பெறலாம். முன்கூட்டியே பிரதியெடுத்துப் பதினோராந்தர மாணாக்கருக்குக் கொடுத்துவிட்டால், கல்லிலுள்ள எழுத்துகளில் சிலவற்றையேனும் விரலால் தொடர்ந்து இனங்கண்டுகொள்வர். சிங்களம் அறிந்த ஆசிரியர் ஒருவர் பக்கத்துச் சாசனத்தை வாசிக்க முயலலாம். காலை ஒன்பது மணிக்கு முன்னர் போவது நல்லது. செருப்பைக் கழற்றிவிட்டே ஏற வேண்டும், வெயில் ஏறினால் அந்தப் பாறை காலைச் சுடும்.